கடைசித் தாள் கிழிந்துபோனால்: நாவல் வகைகளுக்கு ஒரு வாசகனின் அறிமுகம்

கல்லூரியில் படித்த நாட்களில் திருச்சியில் ஒரு நடைபாதைக் கடையில் பழைய பாக்கெட் நாவல்கள் நாலு வாங்கினேன். நாலும் சேர்த்துப் பத்து ரூபாய். ஊருக்குப் போகிற மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் நாவலைப் பிரித்தால் இரண்டாம் பக்கத்திலேயே பிணம் விழுந்துவிட்டது. சந்தேகப்பட ஐந்து பேர். விராலிமலை தாண்டுவதற்குள் ஐந்து மூன்றானது. துவரங்குறிச்சியில் டீ குடிக்க பஸ் நின்றபோது இரண்டு பேர்தான் மிச்சம். நான் டீக்குக்கூட இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை. கடைசித் தாளைக் காணோம். யாரோ அதில் வேர்க்கடலை மடித்துத் தின்றிருக்க வேண்டும்.

கொலை செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வருடங்கள் கழித்து அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை ஒரு நூலகத்தில் எடுத்துப் படித்தேன். பிடித்திருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்துச் சொந்தமாக ஒரு பிரதி வாங்கிப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நூலகப் பிரதியில் கடைசிச் சில பக்கங்கள் இல்லை என்று. பைண்டிங் விட்டுப்போய் உதிர்ந்திருக்கின்றன. நானோ நாவலை முழுதாகப் படித்துவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தேன்!

ஒன்றில் ஒரே ஒரு தாள் போனதற்கு வயிறு எரிந்தது. இன்னொன்றில் பல பக்கம் போனதே தெரியவில்லை. இரண்டும் நாவல்தான், இரண்டிலும் மனிதர்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், கஷ்டப்படுகிறார்கள். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இதற்குப் பதில் தெரிந்தால் ‘வகைமை’ என்று விமர்சகர்களும் ‘ஜானர்’ என்று சினிமாக்காரர்களும் சொல்வது என்ன என்பது பாதி புரிந்துவிடும்.

வகை என்றவுடன் நாம் கதையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறோம். கொலை இருந்தால் க்ரைம், ராஜா இருந்தால் சரித்திரம், கல்யாணம் இருந்தால் குடும்ப நாவல், ரோபோ இருந்தால் அறிவியல் கதை. புத்தகக் கடையில் அடுக்குவதற்கு இந்தக் கணக்கு போதும். படிப்பதற்குப் போதாது. ஏனென்றால் கொலை எல்லா வகை நாவலிலும் நடக்கிறது. தமிழில் நல்ல நாவல்கள் என்று நான் நினைக்கிறவற்றில் ஒரு சாவாவது இல்லாதவை குறைவு. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாயகன் இறந்துபோன செய்தியோடுதான் தொடங்குகிறது, அதை யாரும் க்ரைம் நாவல் என்று சொல்வதில்லை.

ஆகவே வேறு விதமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நாவலும் முதல் பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள் உங்களிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறது. ‘என்னோடு வா, உனக்கு இன்னது காட்டுகிறேன்’ என்கிற வாக்கு. அந்த வாக்கு என்ன மாதிரியானது என்பதுதான் வகை. நெல் அளக்கிற மரக்காலை எடுத்துக்கொண்டு எண்ணெய் வாங்கப் போனால் யாருக்குச் சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். நாவல் விஷயத்தில் நாம் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறோம், அப்புறம் எண்ணெயைக் குறை சொல்கிறோம்.

இனி ஒவ்வொரு வகையாக எடுத்து, கடைசித் தாளைக் கிழித்துப் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது, பிடிக்காதது எல்லாம் நடுவில் வரும். அவை என் அபிப்பிராயம் மட்டுமே.

துப்பறியும் நாவல்

தமிழில் முதல் நாவல் என்று சொல்லப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சானது. அடுத்த சில பத்தாண்டுகளிலேயே துப்பறியும் கதைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், திகம்பர சாமியார் என்றொரு துப்பறிவாளரை உருவாக்கினார். அவர் பெயரிலேயே 1950இல் ஒரு படம் வந்தது, எம்.என். நம்பியார் பல வேடங்களில் வந்து அசத்தினார். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேன்–வைஜயந்தி என்று பரம்பரை நீள்கிறது.

இந்த வகையின் வாக்கு ரொம்பத் தெளிவு: ஒரு முடிச்சு போடுவேன், கடைசியில் அவிழ்ப்பேன். அவிழ்க்கும்போது நீ ‘அட, இது எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டுமே’ என்று நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டும். அதனால் துப்புகள் உங்கள் கண்முன்னாலேயே கிடக்க வேண்டும், ஆனால் கண்ணில் படக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று துபாயிலிருந்து வந்து இறங்குகிற தம்பியைக் கொலைகாரன் ஆக்கினால் அது வாக்குத் தவறுவது.

கோயம்புத்தூர்க்காரரான ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறு நாவல்களுக்கு மேல் எழுதியவர். அவரிடம் ஒரு கைவேலை உண்டு, அவர் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு கதை ஓடும், இரட்டைப்படை அத்தியாயங்களில் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை ஓடும். ஒன்றில் கோவையில் ஒரு பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்றால், இன்னொன்றில் எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒருவன் மயக்கத்தில் கிடப்பான். இரண்டும் எந்த இடத்தில் முட்டப்போகின்றன என்பதுதான் வாசகரைப் பிடித்து இழுக்கிற கயிறு. தச்சர் இரண்டு மரச்சட்டங்களைக் கோர்க்கிற மாதிரி, பொருத்து இறுக்கமாக விழுந்தால் அப்படி ஒரு திருப்தி. சில நாவல்களில் பொருத்து லூசாக ஆடும், ஆணி வெளியே தெரியும். ஆனாலும் நூறு பக்கத்துக்குள், ஒரு பஸ் பயணத்துக்குள் தொடங்கி முடிய வேண்டும் என்ற கட்டாயத்தில் இதைச் செய்து காட்டுவது சும்மா இல்லை.

கடைசித் தாள் கிழிந்தால்? மொத்தமும் போச்சு. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு என்றால் அது சுஜாதாதான். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் கணேஷும் வசந்தும் பேசிக்கொள்வதைக் கேட்பதற்காகவே நான் மூன்றாவது தடவை படித்த கதைகள் இருக்கின்றன. வசந்தின் ஜோக் ஒவ்வொன்றும் பாதியில் நிறுத்தப்படுவது அந்த வரிசை வாசகர்களுக்குத் தெரிந்த வேடிக்கை. ஆக, அங்கே வாக்கு இரண்டு. முடிச்சு ஒன்று, இந்த இரண்டு பேரின் கூட்டு இன்னொன்று.

சரித்திர நாவல்

இதில்தான் என்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்காமல் இருக்க முடியாது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகம். தொடக்கத்தில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வீராணம் ஏரிக்கரையோடு வருகிறான். எழுபத்து நான்கு கணவாய்களில், அதாவது மதகுகளில், தண்ணீர் பாய்வதைப் பார்க்கிறான். கரையில் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் சாப்பிடுகிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே நாவலை மறுபடி எடுத்தவர்கள் உண்டு, நானும் ஒருத்தன்.

இப்போது கடைசித் தாளைக் கிழியுங்கள். என்ன நஷ்டம்? அருள்மொழிவர்மன் 985இல் ராஜராஜ சோழனாக முடிசூடினான் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கே தெரியும். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நின்றுகொண்டிருக்கிறது. முடிவு ஊரறிந்த ரகசியம். அப்படியென்றால் ஐந்து பாகம் எதற்காகப் படிக்கிறோம்?

இங்கே ஒரு கல்வெட்டைப் பார்க்க வேண்டும். காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய சொத்தையும் உறவினர்களின் சொத்தையும் பறிமுதல் செய்வது பற்றிப் பேசுகிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டான் என்பதற்கு நம் கையில் இருக்கிற பெரிய சான்று இதுதான். யார் தூண்டினார்கள், எப்படி நடந்தது, தண்டனை கிடைக்க ஏன் இத்தனை வருடம் ஆனது? கல்வெட்டு வாய் திறக்கவில்லை.

கல்வெட்டு வாயை மூடுகிற இடத்தில் கல்கி வாயைத் திறக்கிறார். ரவிதாசன், சோமன் என்ற பெயர்களைக் கல்லிலிருந்து எடுக்கிறார். வந்தியத்தேவன் என்ற பெயரும் கல்வெட்டில் உண்டு, குந்தவையின் கணவர் என்ற அளவில். அந்த ஒற்றை வரியிலிருந்து குறும்பும் துணிச்சலும் வாய்த்துடுக்கும் உள்ள ஒரு முழு ஆளைச் செய்துவிடுகிறார். நந்தினி முழுக்க அவருடைய கற்பனை. இத்தனைக்கும் கதை தொடங்குகிற வீராணம் ஏரி அந்தக் கல்வெட்டு இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

சரித்திர நாவலின் வாக்கு இதுதான்: நடந்தது உனக்குத் தெரியும், நடந்திருக்கக்கூடியதை நான் சொல்கிறேன். தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் இருட்டில் நடப்பதுதான் இதன் சுகம். அதனால்தான் இந்த நாவலில் ஒரு பெரிய கொலை இருந்தும், கொன்றது யார் என்பதைக் கல்கி உறுதியாகச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். பாக்கெட் நாவலில் இதைச் செய்திருந்தால் வாசகர் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பார். இங்கே எழுபது வருடமாக ஜனங்கள் டீக்கடையிலும் வாட்ஸப்பிலும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு சட்டென்று வந்துவிட்டது என்ற முணுமுணுப்பு அன்றைக்கே இருந்தது. கல்கி ஒரு முடிவுரை எழுதி, மற்ற பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

சாண்டில்யன் வேறு ஜாதிக் குதிரை. ‘யவன ராணி’, ‘கடல் புறா’ எல்லாம் குமுதத்தில் வந்து ஊரையே கட்டிப்போட்டவை. பதினாறு வயதில் எனக்கு அவர்தான் பெரிய எழுத்தாளர். இன்று திரும்பிப் படிக்கும்போது கடற்போர், கோட்டை, தந்திரம் எல்லாம் இன்னும் விறுவிறுப்பாகத்தான் இருக்கின்றன. ஆனால் கதாநாயகி படியிறங்கி வருவதற்குள் ஒன்றரைப் பக்கம் வர்ணனை ஓடிவிடுகிறது. தாண்டிக் குதித்துப் போகிறேன். அந்த வயதில் தாண்டாமல் படித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் மனசுக்கு இப்போது நெருக்கம் பிரபஞ்சன்தான். ‘மானுடம் வெல்லும்’, அதன் தொடர்ச்சியான ‘வானம் வசப்படும்’ இரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரிக் கதை. ஆதாரம், பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736இலிருந்து கால் நூற்றாண்டு காலம் எழுதிவைத்த நாட்குறிப்பு. ‘வானம் வசப்படும்’ 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கல்கிக்குக் கிடைத்தது கல்வெட்டின் நாலு வரி, பிரபஞ்சனுக்குக் கிடைத்தது ஆயிரக்கணக்கான பக்க டைரி. இருட்டு குறைந்தால் கற்பனைக்கு வேலை குறையும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. ராஜாக்கள் ஓரமாக ஒதுங்கி, தரகர்களும் தாசிகளும் சிப்பாய்களும் பஞ்சத்தில் அடிபட்டவர்களும் கூடத்துக்கு வந்துவிடுகிறார்கள். புதிதாகப் படிப்பவர் கல்கியில் தொடங்குவதுதான் முறை. ஆனால் கல்கியோடு நின்றுவிட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வேன்.

குடும்ப நாவல்

இந்த வகையைப் பற்றி நான் பேசினால் என் அக்காவுக்குச் சிரிப்பு வரும். முப்பது பக்கத்துக்கு மேல் என்னால் தாக்குப்பிடிக்க முடிந்ததில்லை. கோபக்காரப் பணக்கார நாயகன், ரோஷக்கார நாயகி, ஒரு தப்பபிப்பிராயம், ஒரு அத்தை. அக்கா வாடகை நூலகத்தில் வாரத்துக்கு மூன்று ரமணிச்சந்திரன் எடுப்பாள். ஒருநாள் கேட்டேன், “இதுல கடைசியில ரெண்டு பேரும் சேரத்தானே போறாங்க, எதுக்குப் படிக்கிறே?” அவள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், “சேருவாங்கன்னு தெரிஞ்சுதான்டா படிக்கிறேன். சேரமாட்டாங்கன்னா தொடக்கூட மாட்டேன்” என்றாள்.

வகைமை பற்றி நான் கேட்ட நல்ல விளக்கங்களில் இது ஒன்று. கடைசித் தாளைக் கிழித்தால் அவள் தானே அதைச் சொல்லிவிடுவாள், ஒரு வார்த்தை பிசகாது. வாக்கு முடிவில் இல்லை, முடிவு நிச்சயம் என்கிற நிம்மதியில் இருக்கிறது. தெருக்கூத்தில் பாஞ்சாலி சபதம் பார்க்கிற ஊர்ஜனம் யாருக்குக் கதை தெரியாது? தெரிந்துகொண்டுதான் விடிய விடியப் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பகல் முழுக்க எதுவும் நிச்சயமில்லாத வீட்டில் உழைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு விளக்கடியில் உட்காருகிறவளுக்கு அந்த நிச்சயம் தேவைப்படுகிறது. இது புரிந்தபிறகு கிண்டல் செய்வதை விட்டேன். படிப்பதை மட்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அதே அலமாரியில் வேறு ஒரு சரக்கும் கலந்து கிடக்கும். லட்சுமி, சிவசங்கரி, அனுராதா ரமணன் எழுதியவற்றையும் குடும்ப நாவல் என்றே அடுக்கிவிடுவார்கள். அவற்றில் எல்லாம் சேருவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. அட்டை ஒரே மாதிரி இருந்தாலும் வாக்கு வேறு.

அறிவியல் புனைவு

தமிழில் இதற்கு வாசல் சுஜாதாதான். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய வேலையில் பங்கெடுத்தவர். ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 1980களில் எழுதப்பட்டு, நாம் இப்போது வாழ்கிற இந்தப் பத்தாண்டில் நடப்பதாக வைத்த கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். மக்களின் பெயர் இரண்டே எழுத்து: நிலா, சிபி, ரவி. கூடவே ஜீனோ என்கிற இயந்திர நாய், புத்தகம் படித்து அபிப்பிராயம் சொல்லும்.

இந்த வகை கேட்பது ஒன்றே ஒன்று: உலகத்தில் ஒரு விதியை மாற்றுகிறேன், நீ ஏற்றுக்கொள். மாற்றிய பிறகு நான் ஏமாற்ற மாட்டேன், அதிலிருந்து என்னென்ன வருமோ அதையெல்லாம் காட்டுவேன். பெயர் இரண்டு எழுத்து என்பது சின்ன விஷயமாகத் தெரியும். யோசித்தால், தாத்தா பெயர், குலதெய்வம் பெயர், ஜாதி ஒட்டு எதற்கும் அதில் இடம் இல்லை. ஒருத்தியின் பரம்பரையையே இரண்டு எழுத்துக்குள் அழுத்திவிடலாம். ஆட்சி எப்படிப்பட்டது என்று தனியாக விளக்கவே வேண்டாம்.

இங்கே கிழிந்துபோகக் கூடாதது முதல் தாள். அதில்தான் விதி இருக்கிறது. அதைக் கவனிக்காமல் தாவினால் பின்னால் எல்லாம் குழப்பம்தான். அந்த நாவலின் அரசியல் எனக்குக் கொஞ்சம் எளிமையாகப் படுகிறது, மக்கள் ஏமாறுவதும் விழிப்பதும் சட்சட்டென்று நடந்துவிடுகின்றன. ஆனால் ஜீனோ வருகிற ஒரு பக்கத்தைக்கூட என்னால் குறை சொல்ல முடியவில்லை.

கொலை முதலிலேயே தெரிந்துவிட்டால்

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. 2019இல் வந்த ‘அசுரன்’ படத்துக்கு மூலம். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் ஓர் ஆளை வெட்டுகிறான். இது முதல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. செத்தவன் யார், ஏன் வெட்டினான் என்பதிலும் பெரிய மர்மம் இல்லை. நிலத்தகராறு, அண்ணனின் சாவு.

நான் இதை முதல் முறை படித்தபோது பெரிய தப்புப் பண்ணினேன். பிணம் விழுந்துவிட்டது, இனி போலீஸ் வரும், துரத்தல் வரும், திருப்பம் வரும் என்று விரட்டி விரட்டிப் படித்தேன். ஐம்பது பக்கம் போயும் அப்பனும் மகனும் மலையிலும் காட்டிலும் ஒளிந்துகொண்டு, எதையாவது பிடித்துச் சுட்டுத் தின்றுகொண்டு, பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள். எரிச்சலாக மூடி வைத்துவிட்டேன். மரக்காலும் எண்ணெயும்.

இரண்டாவது முறை மெதுவாகப் போனபோதுதான் அது எனக்குக் கொடுத்திருந்த வாக்கு காதில் விழுந்தது. ஒரு கொலைக்குப் பிறகு அதைச் செய்தவன் எப்படித் தூங்குவான்? அப்பன் அவனிடம் கோபப்படுவானா, பெருமைப்படுவானா? வயிறு பசிக்குமா? வெயிலடித்த பாறையில் படுத்துக்கொண்டு ஒரு பையன் தன் அம்மாவையும் தங்கையையும் நினைத்துக்கொள்வது அந்த நாவலுக்குத் துரத்தலைவிடப் பெரிய சம்பவம். யார் கொன்றது என்ற கேள்வியை முதல் பக்கத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டதால்தான் இதற்கெல்லாம் இடம் கிடைக்கிறது.

இதை வட்டார நாவல் என்று சொல்வார்கள். ஒரு மண்ணின் பேச்சும் பயிரும் சாதியும் வெயிலும் கதைக்குப் பின்னணியாக நிற்காமல் கதையாகவே இருப்பது. கொங்கு வட்டாரத்தை வைத்து ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ எழுதினார். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக்கு நாவல் மட்டும் எழுதவில்லை, சொல்லகராதியே தொகுத்தார். அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நாவலிலும் தொடக்கத்தில் ஒரு கொலை உண்டு. நகைக்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் உடனேயே பிடிபட்டுவிடுகிறான். பிறகு அந்த ஊர் எப்படி உண்டானது என்று நூறு வயது தாண்டிய பூட்டி சொல்லத் தொடங்குகிறாள். நாவல் அந்தப் பூட்டியினுடையது.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வகையில் ஒரு கஷ்டம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. முதல் இருபது பக்கம் பேச்சு புரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினவர் மாதிரி காதைக் கொடுத்துக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள், தானாகப் பழகிவிடும். வாய்விட்டுப் படித்தால் இன்னும் சீக்கிரம்.

‘தண்ணீர்’ இவை எதிலும் அடங்காது. சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், குடங்கள், தோண்டிப் போட்ட குழாய்ப் பள்ளங்கள், ஜமுனா, அவள் தங்கை சாயா. டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கை எப்படிப்பட்டது என்று ஜமுனாவிடம் சொல்கிற பக்கங்கள் எனக்கு வரிவரியாக நினைவிருக்கின்றன. எந்த முடிச்சும் போடாததால் அவிழ்க்க வேண்டியதும் இல்லை. இலக்கிய நாவல் என்று ஓர் அலமாரி வைத்து இப்படிப்பட்டவற்றை அதில் போடுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, மற்றதெல்லாம் இலக்கியம் இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது. இங்கே வாக்கு நாவலுக்கு நாவல் மாறும், ஒவ்வொன்றையும் புதிதாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆபீஸில் க்ரைம் நாவல் ரசிகரான ஒரு நண்பருக்கு இதைக் கொடுத்தேன். நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார், “சார், இதுல கதை எப்ப ஆரம்பிக்கும்?” தப்பு என்னுடையது. என்ன மாதிரிப் பண்டம் என்று சொல்லாமல் கையில் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாக்கை ஒரே நேரத்தில் கொடுத்தால்

வகைகள் கலப்பதும் உண்டு. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ படித்தால் விளங்கும். பழைய பங்களா, சொத்து, இரவில் தெரிகிற உருவங்கள். இது பேய்தான் என்று வசந்த் சாய்கிறான், எல்லாவற்றுக்கும் விஞ்ஞான விளக்கம் இருக்கும் என்று கணேஷ் பிடிவாதமாக நிற்கிறான். பேய்க்கதையின் வாக்கு, விளக்க முடியாததைக் காட்டுவேன் என்பது. துப்பறியும் கதையின் வாக்கு, எல்லாவற்றையும் விளக்குவேன் என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். எந்த வாக்கு நிறைவேறப்போகிறது என்பதையே சஸ்பென்ஸாக வைத்துவிட்டார் மனுஷன். வகைமை என்பது எழுத்தாளர் விளையாடக் கிடைத்த பொம்மை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முடிவைச் சொல்ல மாட்டேன், வேர்க்கடலை பாவம் எனக்கு வேண்டாம்.

சரி, புதிதாக நாவல் படிக்கத் தொடங்குகிறவர் எங்கே ஆரம்பிப்பது? எங்கே வேண்டுமானாலும். நாற்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடி வையுங்கள். ஆனால் மூடுவதற்கு முன் ஒரு நிமிடம், இந்தப் புத்தகம் எனக்கு என்ன தருவதாகச் சொன்னது, நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பாருங்கள். சொன்னதையே அது தரவில்லை என்றால் நாவல் மோசம். சொன்னதைத் தந்தும் உங்களுக்கு அது வேண்டாம் என்றால், அக்காவும் ரமணிச்சந்திரனும் நானும் மாதிரிதான், யார் மேலும் தப்பில்லை. நீங்கள் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி எடுங்கள். ‘வெக்கை’ எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

பழைய புத்தகக் கடைக்குப் போகிற பழக்கம் இன்னும் விடவில்லை. போன மாதம் மதுரையில் ஒரு கடையில் பாக்கெட் நாவல் கட்டு ஒன்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பிக் கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கோபல்ல கிராமம்’ பழைய பிரதி ஒன்றும் கிடந்தது, அதற்கு முதல் தாளை மட்டும் பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “அண்ணே, நின்னுக்கிட்டே எல்லாத்துலயும் முடிவைப் படிச்சிட்டுப் போயிரலாம்னு பார்க்கிறீங்களா?” என்றார். கட்டை அப்படியே எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்தேன். ஒன்றில் நடுவில் எட்டுப் பக்கம் இல்லை.